ஒரு திறப்போடு வந்த விற்ஸ்: இரண்டாவது திறப்பை யாழ்ப்பாணத்திலேயே செய்விக்கலாமா?

மானிப்பாய்வாசி:

வணக்கம். அண்மையில் 2016ஆம் ஆண்டு டொயோட்டா விற்ஸ் ஒன்று வாங்கினோம். ஜப்பானிலிருந்து வந்து, இங்கே ஒருவர் ஓடி, பிறகு எங்களிடம் வந்த கார். புஷ் ஸ்டார்ட், அதாவது பட்டனை அமத்தி ஸ்டார்ட் பண்ணுவது. பெயர் மாற்றம் முடிந்து சி.ஆர். (வாகனப் பதிவுச் சான்றிதழ்) என் பெயருக்கு வந்துவிட்டது. காரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் திறப்பு (சாவி) ஒன்றுதான் கிடைத்தது. "ஜப்பானிலிருந்து வரும்போதே ஒன்றுதான் வந்தது" என்று விற்றவர் சொன்னார். வாங்கும் அவசரத்தில் நாங்களும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இப்போதுதான் அதன் கஷ்டம் தெரிகிறது. என் கணவருக்குக் கிளிநொச்சியில் வேலை. விடிய அலுவலக வாகனத்தில் போய்விடுவார். திறப்பு அவருடைய பையிலேயே இருந்துவிடும். அப்பா சிறுநீரக நோயாளி, போதனா வைத்தியசாலையில் கிளினிக். ஒருநாள் முற்பகல் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. கார் போர்ட்டிகோவில் நிற்கிறது, திறப்பு ஆனையிறவுக்கு அந்தப் பக்கம். பக்கத்து வீட்டுத் தம்பி ஓட்டோவை எடுத்துக்கொண்டு ஓடி வந்ததால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். நல்லூர்த் திருவிழாவும் வரப்போகிறது. சேட் இல்லாமல், வேட்டி மடிக்குள் அந்த ஒரேயொரு திறப்பைச் செருகிக்கொண்டு கணவர் அந்தச் சனத்துக்குள் போவதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது.

விசாரித்த அளவில் மூன்று வழி சொல்கிறார்கள். பஸ் நிலையப் பக்கம் திறப்பு வெட்டுகிறவர், ரிமோட்டுக்குள் இருக்கும் சின்ன இரும்புத் திறப்பைப் பார்த்து அதேபோல் ஒன்று வெட்டித் தந்தார். கதவு திறக்கிறது, கார் ஸ்டார்ட் ஆகவில்லை. அவர் முதலே சொல்லித்தான் வெட்டினார், அவரில் பிழை சொல்ல மாட்டேன். இன்னோர் இடத்தில் 48,000 ரூபா கேட்கிறார்கள். காரையும் திறப்பையும் சி.ஆர். கொப்பியையும் ஓர் இரவு விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். என்ன திறப்பு போடுவீர்கள் என்று கேட்டால் "அதெல்லாம் சரியாக வரும் அக்கா" என்பதுதான் பதில். மூன்றாவது, ஒன்லைனில் அச்சொட்டாக இதே உருவத்தில் ஒரு ரிமோட் 9,500 ரூபாவுக்கு இருக்கிறது. லண்டனில் இருக்கும் தங்கச்சியும் தன்னிடம் யாரிஸ் இருக்கிறது, விற்ஸும் யாரிஸும் ஒன்றுதானே, அங்கேயே ஒன்று வாங்கி அனுப்பவா என்று கேட்கிறாள்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். முதல் திறப்பு கிளிநொச்சியில் இருந்தாலும், இரண்டாவதை எடுத்து நான் அப்பாவை ஏற்றிக்கொண்டு போகக்கூடியதாக இருக்க வேண்டும். இதை யாழ்ப்பாணத்தில் செய்யலாமா, இல்லை கொழும்புக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா? எதைப் பார்த்துக் காசு கொடுப்பது? செய்வித்தவர்கள் சொல்லுங்கள்.


நெல்லியடியான்:

அக்கா, எங்கள் வீட்டில் பழைய ஓல்ற்றோ கார். நெல்லியடிச் சந்தியில் சும்மா வெட்டுவித்த திறப்பாலேயே கதவும் திறக்கிறது, ஸ்டார்ட்டும் ஆகிறது. உங்களுக்கு மட்டும் ஏன் இத்தனை ஆயிரம் கேட்கிறார்கள் என்று விளங்கவில்லை. விற்றவரிடம் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள். அவருக்கு முன்னால் வைத்திருந்தவரின் வீட்டில் ஏதாவது லாச்சிக்குள் கிடக்கலாம். வந்த புத்தகப் பைக்குள் திறப்பு இலக்கம் அடித்த சின்னத் தகடு இருக்கிறதா என்றும் பாருங்கள்.


சுன்னாகம் வயரிங்:

தங்கச்சி, நான் இருபது வருசத்துக்கு மேலாக வாகன வயரிங் வேலை செய்கிறேன். திறப்பு வேலை என் முழு நேரத் தொழில் அல்ல. ஆனால் மற்ற இடத்தில் செய்துவிட்டு "வேலை செய்யவில்லை அண்ணை" என்று வருகிற கார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் தம்பி நெல்லியடியானுக்கு. உங்கள் காரில் இம்மொபிலைசர், அதாவது சரியான சிப் உள்ள திறப்பு இல்லாவிட்டால் காரை ஸ்டார்ட் ஆக விடாத பூட்டு, இருந்திருக்காது. குறைந்த தரத்தில் வந்த கார்களில், ஜப்பானில் உள்ளூருக்கென்று செய்தவற்றில்கூட, அது இல்லாதவை இருக்கின்றன. அவற்றுக்கு இரும்பு வெட்டினால் போதும். புஷ் ஸ்டார்ட் விற்ஸ் அப்படியல்ல.

தங்கச்சி, உங்கள் கையில் இருக்கிற அந்தக் கறுப்புத் திறப்பு உண்மையில் மூன்று சாமான். உள்ளே செருகியிருக்கிற இரும்பு ஒன்று. அது கதவைத் திறக்க மட்டும். ரேடியோ அலை அனுப்புகிற ரிமோட் இரண்டாவது. பட்டனை அமத்தினால் பூட்டுவதும், பையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் போனால் கார் உங்களை அடையாளம் காண்பதும் அதால்தான். மூன்றாவது சிப். அதற்குப் பற்றரியே தேவையில்லை. காரை ஸ்டார்ட் ஆக விடுவதா இல்லையா என்பதைக் கடைசியில் தீர்மானிக்கிறது அதுதான். இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் நீங்கள் கேட்கிற இரண்டாவது திறப்பு. பஸ் நிலையத்தில் வெட்டினது முதலாவது மட்டும். அதை எறியாதீர்கள், புதுத் திறப்புக்குள் செருக அதுவே போதும்.

இப்போது அவசரமான விசயம். இந்த வேலையைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். வேலை செய்கிற திறப்பு ஒன்று கையில் இருக்கும்போது இன்னொன்றைச் சேர்ப்பது லேசு. காரின் கம்பியூட்டரோடு பேசுகிற ஸ்கானரைக் கொழுவினால், பதிவிலுள்ள திறப்பை ஸ்டார்ட் பட்டனில் ஒட்டிப் பிடிக்கச் சொல்லும், பீப் அடிக்கும். பிறகு புதியதை ஒட்டிப் பிடிக்கச் சொல்லும். சாமான் சரியாக இருந்தால் தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும். ஆனால் உள்ள ஒன்றும் தொலைந்துவிட்டால் கதை வேறு. இம்மொபிலைசரையே ரீசெட் செய்ய வேண்டும். டொயோட்டாவில் சில மொடல்கள் அதற்கு 16 நிமிடம் காக்க வைக்கும். சிலவற்றில் டாஷ்போர்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் பெட்டியின் மெமரியை வாசிக்க வேண்டி வரும். காரும் நின்ற இடத்தை விட்டு அசையாது, ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். செலவு எங்கேயோ போய்விடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியதிலிருந்து பழைய காரின் விலை எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். 2025இல் திரும்பத் திறந்துவிட்ட பிறகும் நம்மைப் போன்ற ஆட்களுக்கு அது பெரிய முதல். அவ்வளவு காசு கொடுத்து வாங்கின சாமானை ஒரு திறப்பில் தொங்க விட்டு வைக்கக் கூடாது.

தங்கச்சியிடம் லண்டனிலிருந்து வாங்கி அனுப்ப வேண்டாம் என்று சொல்லுங்கள். யாரிஸும் விற்ஸும் உடம்பால் ஒன்று, அது சரி. ஆனால் அங்கத்தைய ரிமோட் 433 மெகாஹெர்ட்ஸில் பேசும். ஜப்பான் உள்ளூர் டொயோட்டா ஸ்மார்ட் திறப்புகள் 312, 314 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசுகிறவை. உங்கள் காருக்கு அது கேட்கவே கேட்காது.

ஒன்லைன் 9,500 ரூபாச் சாமானைப் பற்றி: உருவத்தைப் பார்த்து வாங்கவே வேண்டாம். ஒரே கோதுக்குள் பத்து விதமான மின்சுற்றுப் பலகை இருக்கும். உங்கள் திறப்பின் கோதை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள், உள்ளே பச்சைப் பலகையில் ஓர் இலக்கம் இருக்கும். டொயோட்டாவில் பலவற்றில் அது 271451 என்று தொடங்கி, கோடு போட்டு, பிறகு நாலு இலக்கம் வரும். அந்தக் கடைசி நாலும்தான் முக்கியம். அதைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, "இந்தப் பலகை இலக்கத்துக்குத் திறப்பு இருக்கிறதா" என்று கேளுங்கள். செய்கிறவருக்குத் தொழில் தெரியுமா என்பது அவர் அந்தப் படத்தைப் பார்த்துச் சொல்கிற பதிலிலேயே தெரிந்துவிடும்.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் உடைத்த கார்களின் திறப்பு கிடைக்கும். ஒரு காரில் ஒருமுறை பதிவான டொயோட்டா ஸ்மார்ட் திறப்பு அந்தக் காரோடு பூட்டுப்பட்டுவிடும். இன்னொரு காரில் அப்படியே ஏறாது. அதற்கென்று உள்ள மெசினால் பூட்டை எடுத்திருந்தால் சரி, இல்லாவிட்டால் வெறும் பிளாஸ்டிக். எக்ஸ்ஹோர்ஸ், லொன்ஸ்டோர் போன்ற கம்பனிகள் செய்கிற பொதுத் திறப்புகள் இருக்கின்றன. மெசினில் வைத்து உங்கள் பலகை இலக்கத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றலாம். ஒறிஜினல் இல்லையே என்று யோசிக்க வேண்டாம். நான் பார்த்த அளவில் ஒழுங்காகச் செய்தால் நன்றாகவே வேலை செய்கின்றன.

காரை இரவு விட்டுவிட்டு வரச் சொன்னவர்களிடம் போகாதீர்கள். இந்த வேலைக்கு இரவு தேவையில்லை. அவர் கள்ளன் என்று சொல்லவில்லை. ஆனால் காரும் திறப்பும் சி.ஆர். கொப்பியும் ஒரே இடத்தில் ஒரு இரவு கிடந்தால், எத்தனை திறப்பு பதிவானது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்கள் பக்கத்தில் நின்று செய்விக்க வேண்டும். மற்றப் பக்கமாக, சி.ஆரையும் அடையாள அட்டையையும் காட்டுங்கள் என்று கேட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறவரைக் கண்டால் கோபிக்காதீர்கள். அவர்தான் ஒழுங்கான ஆள்.

வேலை தொடங்க முதல் ஒன்று கேளுங்கள்: "இப்போது எத்தனை திறப்பு பதிவில் இருக்கிறது?" ஸ்கானர் அதைக் காட்டும். ஒன்று என்று காட்டினால் விற்றவர் சொன்னது பெரும்பாலும் சரி. இரண்டு என்று காட்டினால், உங்கள் காரை ஸ்டார்ட் பண்ணக்கூடிய இன்னொரு திறப்பு இந்த நாட்டிலோ ஜப்பானிலோ எங்கேயோ கிடக்கிறது. அப்போது கையில் இருக்கிறதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு புதியதைச் சேர்க்கலாம்.

காரின் பற்றரி நலிந்திருந்தால் அதற்கு முதலே சொல்லுங்கள். பதிவு நடக்கும்போது வோல்ட் விழுந்தால் பாதியில் குழம்பும். நான் என்றால் சார்ஜரைக் கொழுவி, ஏசி, லைட், ரேடியோ எல்லாம் நிற்பாட்டிவிட்டுத்தான் தொடங்குவேன்.

இனி, காசு கொடுக்க முதல் பார்க்க வேண்டியது. எல்லோரும் கோட்டை விடுகிற இடம் இதுதான். பழைய திறப்பு உங்கள் கைப்பைக்குள் இருக்கும். புதியதைக் கையில் வைத்துக்கொண்டு பட்டனை அமத்துவீர்கள், கார் ஸ்டார்ட் ஆகும், சந்தோசமாகக் காசைக் கொடுத்துவிட்டு வருவீர்கள். ஸ்டார்ட் ஆனது கைப்பைக்குள் இருந்த பழைய திறப்பால்! ஆகவே பழைய திறப்பை வேறு ஓர் ஆளிடம் கொடுத்து ஒழுங்கை முடிவுவரை அனுப்பிவிடுங்கள். பிறகு புதியதால் பட்டனில் பூட்டித் திறந்து பாருங்கள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கதவுக் கைபிடியால் திறந்து பாருங்கள். ஸ்டார்ட் பண்ணுங்கள். அது முடிந்ததும் புதுத் திறப்பின் பற்றரியைக் கழற்றிவிட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டு, டொயோட்டா அடையாளம் உள்ள பக்கத்தை ஸ்டார்ட் பட்டனில் ஒட்டிப் பிடித்து ஸ்டார்ட் பண்ணுங்கள். பற்றரி இல்லாமலும் ஸ்டார்ட் ஆனால் சிப் ஒழுங்காகப் பதிவாகியிருக்கிறது. கடைசியாகப் பழைய திறப்பைக் கூப்பிட்டு அதுவும் முன்போல வேலை செய்கிறதா என்று பாருங்கள்.

கொழும்புக்குப் போகத் தேவையில்லை. நானூறு கிலோமீற்றர் எதற்கு? யாழ்ப்பாணத்திலேயே மெசின் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆளின் பெயரை இங்கே நான் எழுதவில்லை, நான் சொல்லி நீங்கள் போனதாக இருக்கக் கூடாது. பலகைப் படத்தோடு இரண்டு, மூன்று இடத்தில் கேளுங்கள். விலையைத் திறப்புக்கு எவ்வளவு, பதிவுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள்.


மானிப்பாய்வாசி:

அண்ணை, இவ்வளவு நேரம் எடுத்து எழுதினதற்கு மிக்க நன்றி. கைப்பை விசயம் எனக்குத் தோன்றியே இருக்காது.

கணவரும் நானும் இன்றிரவு கோதைப் பிரித்துப் பார்த்தோம். நீங்கள் சொன்ன மாதிரியே 271451 என்றுதான் தொடங்குகிறது. படம் எடுத்துவிட்டேன். லண்டன் தங்கச்சிக்கும் சொல்லியாயிற்று. ஒரு சந்தேகம். கோதைப் பிரித்துப் பூட்டின பிறகு கிட்டப் போனால்தான் கதவு திறக்கிறது. முன்பு இன்னும் கொஞ்சம் தள்ளியே வேலை செய்ததாக ஞாபகம். ஏதாவது பழுதாக்கிவிட்டோமா?


சுன்னாகம் வயரிங்:

பயப்பட வேண்டாம். கைபிடியிலிருந்து 70 சென்றிமீற்றர் அளவுக்குள் நின்றால்தான் அது வேலை செய்ய வேண்டும். அதற்கும் கிட்டப் போகவேண்டியிருந்தால் பற்றரி நலிந்திருக்கும், இல்லாவிட்டால் பூட்டும்போது பற்றரித் தகடு வடிவாகப் படவில்லை. பற்றரியின் முதுகில் இலக்கம் எழுதியிருக்கும், சிஆர் 1632 அல்லது சிஆர் 2032. அதே இலக்கத்தில் வாங்கிப் போடுங்கள். மற்றது உருவத்தில் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், தடிப்பு ஒன்றேதான். ஆனால் விட்டம் வேறு, சின்னது உள்ளே ஆடும், பெரியது இறங்காது. போடும்போது தகட்டில் விரல் வேர்வை படாமல் துணியால் பிடியுங்கள்.


கோப்பாய்ச் சந்தி:

வயரிங் அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இனிமேல் கார் வாங்கப் போகிறவர்கள் பேரம் முடிக்க முதலே இரண்டாவது திறப்பைக் கேளுங்கள். இல்லை என்றால் அதற்கான காசை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். முற்பணம் கொடுத்து, பெயர் மாற்றத்துக்கான எம்.டி.ஏ. படிவங்களில் ஒப்பமும் வைத்துவிட்டால் பிறகு யாரும் கணக்கெடுக்க மாட்டார்கள். என் மச்சான் அப்படிக் கேட்டு நின்றதால் விற்றவரே தேடி எடுத்துக் கொண்டுவந்து தந்தார்.


மானிப்பாய்வாசி:

செய்வித்துவிட்டோம்! யாராவது இதே நிலையில் இருந்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

பலகைப் படத்தைக் காட்டி மூன்று இடத்தில் கேட்டேன். ஒருவர் படத்தைப் பார்க்காமலே "வரும்" என்றார். ஒருவர் தன்னிடம் அந்த மெசின் இல்லை என்று நேர்மையாகச் சொன்னார். மூன்றாமவர் சின்னப் பெடியன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இதற்குப் பொதுத் திறப்புத்தான் அக்கா போடலாம், இலக்கத்தை மாற்றித் தருவேன்" என்றான். திறப்புக்கு 16,000, பதிவுக்கு 9,000. சி.ஆரையும் அடையாள அட்டையையும் அவனாகவே கேட்டுப் பார்த்தான்.

எத்தனை பதிவில் இருக்கிறது என்று கேட்டேன். இரண்டு! எங்கள் இருவருக்கும் பேச்சே வரவில்லை. விற்றவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. ஜப்பானில் முதல் ஆள் வைத்திருந்தது அப்படியே தங்கியிருக்கலாம். எப்படியோ, வீட்டு வாசலில் இரவில் நிற்கிற காருக்கு இன்னொரு திறப்பு எங்கேயோ இருக்கிறது என்ற எண்ணம் நல்லதல்ல. அதை அழித்துவிட்டுத்தான் புதியதைச் சேர்த்தான்.

பிறகு கணவர் பழைய திறப்போடு ஸ்ரான்லி வீதிச் சந்திவரை நடந்து போனார். நான் புதியதால் பூட்டித் திறந்து, ஸ்டார்ட் பண்ணி, பற்றரியைக் கழற்றிவிட்டும் ஸ்டார்ட் பண்ணினேன். அந்தப் பெடியன் கோபிக்கவில்லை. "எல்லோரும் இப்படிப் பார்த்து வாங்கினால் எங்களுக்கும் நல்லது அக்கா" என்றான். பஸ் நிலையத்தில் வெட்டின இரும்பும் புதுத் திறப்புக்குள் கச்சிதமாக ஏறிவிட்டது.

கடைசியாக ஒரு கேள்வி அண்ணை. இந்த இரண்டாவதை எப்போதாவதுதான் எடுப்பேன். அலுமாரிக்குள் கிடந்தே பற்றரி இறங்கிவிடுமா? கழற்றி வைக்கவா?


சுன்னாகம் வயரிங்:

நல்ல செய்தி தங்கச்சி. அப்பாவைக் கவனமாகப் பாருங்கள்.

பற்றரியைக் கழற்றி வைக்க வேண்டாம். அவசரத்துக்குத்தானே வைத்திருக்கிறீர்கள், அந்த நேரம் பற்றரி தேடிக்கொண்டு நிற்க முடியாது. ஸ்மார்ட் திறப்பு சும்மா கிடந்தாலும் காரின் அலையைக் கேட்டுக்கொண்டே இருக்கும், அதனால் மெதுவாக இறங்கத்தான் செய்யும். ஒன்றிரண்டு வருசம் தாங்கும். டீவி, கம்பியூட்டர், போன் சார்ஜர் பக்கத்தில் வைத்தால் கெதியாக இறங்கும். காருக்கு மிகக் கிட்ட, போர்ட்டிகோச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுவதும் வேண்டாம். பற்றரியும் இறங்கும், கள்ளனுக்கும் வசதி.

டொயோட்டா ஒறிஜினல் திறப்புகள் பலவற்றில், பூட்டுகிற பட்டனை அமத்திப் பிடித்துக்கொண்டு திறக்கிற பட்டனை இரண்டு முறை அமத்தினால், சின்ன லைட் நாலு தரம் மின்னிவிட்டு அது நித்திரைக்குப் போய்விடும். எந்தப் பட்டனையாவது அமத்தினால் திரும்ப எழும்பும். உங்களுடையது பொதுத் திறப்பு என்றபடியால் அப்படிச் செய்கிறதா என்று அந்தப் பெடியனிடமே கேளுங்கள். செய்யாவிட்டாலும் பரவாயில்லை. மாதத்தில் ஒருநாள் கிளினிக்குக்குப் போகும்போது இந்தத் திறப்பையே எடுத்துக்கொண்டு போங்கள். பற்றரி நலிந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும்.